பம்பரில் வைத்த பொட்டு

மொபெட்டின் பின்சீட்டில் கார் பம்பரைக் குறுக்கே வைத்துக் கட்டி, அதைப் பழைய படுதாவால் மூடி, தென்னரசு காலனிக்குள் நுழைந்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு பக்கம் வேலியில் உரசாமல், மறுபக்கம் குழாயடியில் நிற்கும் பெண்களை இடிக்காமல் நெளித்து நெளித்து ஓட்டிவந்தான். எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு இந்தப் பந்தல் வளைவு என்று யாரும் கேட்காத குறைதான்.

"இன்னாய்யா இது, காரையே பிரிச்சி எடுத்தாந்துட்டியா?" என்றாள் அவன் மனைவி பூமாலை, வாசலிலேயே.

"கத்தாத. உள்ள வா மொதல்ல."

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் நடராசனிடம் தென்னரசு கார் ஓட்டுகிறான். முதலாளியும் அவர் மனைவி தையல்நாயகியும் மகளின் வளைகாப்புக்காகச் சம்பந்தி அனுப்பிய காரில் விழுப்புரம் போயிருந்தார்கள். நாளைக்குக் காலையில் ஆயுத பூசைக்கு வந்துவிடுவோம், வண்டியைக் கழுவி வை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கழுவுவதற்காக ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்தபோது ஒரு பாவி நாய் குறுக்கே வந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தான். வாசலில் நட்டிருந்த கருங்கல்லில் போய் முட்டியது. நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் பம்பர் ஒரு ஜாண் நீளத்துக்குப் பிளந்துகொண்டது. நாய் அதுபாட்டுக்குப் போய்விட்டது.

"மெக்கானிக் ஷெட்டுல குடுத்து ஒட்ட வேண்டியதுதான?"

"எந்த ஷெட்டுக்குப் போனாலும் அவருக்கு போன் போயிடும். எல்லாரும் அவருக்குத் தெரிஞ்சவங்க."

அதற்குமேல் பூமாலை கேட்கவில்லை. முன்னால் இருந்த டிரைவர் மாரியப்பனைக் கதவில் விழுந்த ஒரு கீறலுக்காக நிறுத்தினார்கள். கீறல் எப்படி விழுந்தது என்றுகூடக் கேட்கவில்லை. அவன் இப்போது டோல்கேட் பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறான். அந்த வெயில் தென்னரசுக்கு இப்போதே உச்சந்தலையில் இறங்கியது. மகள் மலர்விழியை இந்த வருசம்தான் நர்சிங்கில் சேர்த்திருந்தான். வேலை போனால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

"குடம் விரிசல் வுட்டா கடைக்கா தூக்கினு ஓடறோம்? இதுவும் பிளாஸ்டிக்குதான. வை அப்படியே" என்று பூமாலை அடுப்பைப் பற்றவைத்தாள்.

பழைய கத்தியைத் தீயில் காட்டினாள். உடைந்த குடத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, பம்பரைக் கவிழ்த்துப்போட்டு, உள்பக்கம் விரிசலின் மேல் வைத்து உருக்கித் தேய்த்தாள். ஒட்டிக்கொண்டது மாதிரிதான் தெரிந்தது. ஆறியதும் தென்னரசு நகத்தால் நெம்பிப் பார்த்தான். மொத்தமாகப் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது.

"அவ்ளோதான். போச்சி."

"சும்மா இருய்யா. ஜாக்கெட்டு கிழிஞ்சா உள்ள மடிச்சி வச்ச துணியிலேருந்துதான ஒட்டு போடறோம்? இதுலயும் உள்ள மடிப்பு இருக்குது பாரு."

இருந்தது. வெளியே தெரியாத கீழ்விளிம்பிலிருந்து ஒரு கீற்று அறுத்தார்கள். விரிசலின் இரண்டு உதட்டையும் தென்னரசு சேர்த்து அழுத்திக்கொள்ள, அவள் ஸ்டேப்ளர் பின்களைச் சூடாக்கி உள்பக்கம் தையல் மாதிரி வரிசையாகப் பதித்தாள். அதன்மேல் கீற்றை உருக்கினாள். புகை வெளியே போனால் தெருவில் நாலு பேர் கேட்பார்கள் என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. உருகிய சொட்டு ஒன்று அவன் வலது உள்ளங்கையில் விழுந்தது.

"ஐயோ!"

"வுட்டுடாத! வுட்டா வாயைத் தொறந்துக்கும்."

அவன் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அது ஆறும்வரை பிடித்திருந்தான். பிறகு பார்த்தால் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. ஆனால் ஒட்டு நின்றது. எவ்வளவு நெம்பியும் அசையவில்லை. "எம்மாடி, நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்றான். பூமாலை அவன் கையைப் பிடித்துத் தேங்காயெண்ணெய் தடவினாள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை ஸ்பிரே அடித்து, பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய் வண்டியில் மாட்டிவிட்டான்.

காலையில் போய்ப் பார்த்தால் வெயிலில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. தெரியாதவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவன் கண் அதைவிட்டு நகரவே இல்லை. மண்டியில் தராசு, மூட்டை, கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் இன்றைக்குப் பொட்டு வைப்பார்கள். பம்பரில் இருந்தால் மட்டும் யார் கேட்கப்போகிறார்கள்? பூமாலை வீட்டுப் பூசைக்குக் கரைத்து வைத்திருந்த சந்தனத்தை ஓடிப்போய் எடுத்துவந்தான். கோட்டின் மேல் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தான். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தான். விரிசல் இருந்த சுவடே இல்லை. நேற்றிலிருந்து அப்போதுதான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

முதலாளி வந்து இறங்கினார். தையல்நாயகி பூசைத்தட்டோடு நேராக வண்டிக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

"யாரு பொட்டு வச்சது?"

"நான்தாம்மா. நல்ல நாளாச்சேன்னு..."

அவள் கணவனைப் பார்த்தாள். வருசா வருசம் பொட்டு வைப்பது அவள்தான். தென்னரசு கழுவித் துடைத்துவிட்டுக் கேட்டுக்கு வெளியே போய் நிற்பான். விரிசலையே நினைத்து நினைத்து அவனுக்கு அது மறந்தே போயிருந்தது.

"வண்டி ஓட்டறது வேற, தென்னரசு. இது சாமி காரியம். உனக்கு நான் சொல்லணுமா?" அவள் குரல் உயரவில்லை.

"தெரியாமப் பண்ணிட்டான், வுடு" என்றார் நடராசன். "டேய், ஜல்தி கழுவு. நல்ல நேரம் போய்க்கினு இருக்குது."

தென்னரசு குழாயைத் திறந்தான். முகம் எரிந்தது. குங்குமம் சிவப்பாக ஓடியது, சந்தனம் கரைந்தது, அடியிலிருந்து அந்தக் கோடு மெல்ல வெளியே வந்தது. தையல்நாயகி குனிந்தாள். மாவிலையில் மஞ்சள் தண்ணீரைத் தொட்டு, அவன் கை பட்ட இடமெல்லாம் தெளித்தாள். பிறகு சந்தனத்தைக் குழைத்து, ஒட்டுப்போட்ட இடத்திலேயே விரலை வைத்தாள். விரல் ஒரு நொடி நின்றது.

"துடைக்கவே இல்ல, ஈரம் அப்படியே இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சந்தனத்தை இழுத்தாள். விரிசலை அவள் பார்க்கவில்லை.

கற்பூரம் காட்டி முடிந்தது. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தையல்நாயகி தட்டிலிருந்த சாவியை எடுத்து, அவன் நீட்டிய கையில் படாமல் மேலிருந்து விட்டாள். அது கொப்புளத்தின் மேலேயே விழுந்தது. அவன் கையை மூடிக்கொண்டான்.

"தப்பா எடுத்துக்காதப்பா" என்றாள் அவள். "போகும்போது பொரி வாங்கினு போ."

"சரிங்கம்மா."

"ஏறுடா" என்றார் முதலாளி. "நேரா எடு. பழம் நசுங்கணும்."

ஏறி உட்கார்ந்தான். ஸ்டீயரிங்கின் நடுவிலும் அவள் வைத்த பொட்டு ஈரமாக இருந்தது. அதில் விரல் பட்டுவிடாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியை நகர்த்தினான்.