மடிக்கொடியும் சிவப்பு விளக்கும்

வலியசாலை அக்ரகாரத்தில் ஜெயலக்ஷ்மியின் வீட்டு வைஃபைக்கு மட்டும் பதினொரு மணியானால் உயிர் போய்விடும். தெருவுக்கெல்லாம் ஓடுகிற இணையம் இவள் வீட்டில் மட்டும் படுத்துக்கொள்ள இவள் என்ன பாவம் செய்தாளோ தெரியாது. அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களின் வீட்டார் பதறிப்போய் அழைப்பார்கள், இவள் கணினி வழியாகப் பேசி வழி சொல்ல வேண்டும். பாதிப் பேச்சில் குரல் அறுந்துபோனால் அவர்கள் சும்மா இருப்பார்களா? புகார் மேல் புகார்.

முந்தின நாள் மேலதிகாரி ஆர்ஷா கொச்சியிலிருந்து கூப்பிட்டு, மலையாளத்தில் இனிமையாகவே சொல்லிவிட்டாள். நாளைக்கும் அழைப்பு அறுந்தால் வீட்டிலிருந்து வேலை என்பது இனி இல்லை. கொச்சிக்கு வந்து உட்கார வேண்டும், முடியாதென்றால் ராஜினாமா. கணவன் கௌசிக் இதைக் கேட்டுவிட்டு, ராஜினாமாவே நல்லது, தன் சம்பளம் போதும் என்றான். கல்யாணத்துக்காக ஒரு வேலையை விட்டவள் அவள். பிள்ளைக்காக இன்னொன்றை விட்டாள். இதையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காக விடப்போவதில்லை என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

அந்த டப்பாவுக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. அணைத்துப் போட்டாள். ஊசியால் குத்தி ரீசெட் செய்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள், சேனலை மாற்றினாள். இணைப்பு கொடுத்த பத்மகுமார் வந்து ரூட்டரையே மாற்றிவிட்டுப் போனார். ஆனால் அவர் வருவது எப்போதும் சாயங்காலம். அந்நேரம் அது பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஒரு குழப்பமும் இல்லையே சேச்சி என்று அவர் கிளம்பிவிடுவார். மறுநாள் முற்பகல் மறுபடி சிவப்பு.

அன்று ஜெயலக்ஷ்மி இரண்டிலொன்று பார்ப்பதென்று எழுந்தாள். பதினொரு மணிக்குச் சற்று முன்னால் இடைவேளை கேட்டு வாங்கிக்கொண்டு, கூடத்தில் ரூட்டருக்கு எதிரே திருடனைப் பிடிக்கக் காத்திருப்பவள் போல் உட்கார்ந்தாள். மாமனார் நாகேஸ்வரன் கோயில் காரியம் முடிந்து வந்தார். கிணற்றடியில் குளித்து, மறுநாள் பூஜைக்குரிய வேஷ்டியை நனைத்துப் பிழிந்துகொண்டு உள்கட்டுக்குப் போனார். அங்கே உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில் ஒரு மூங்கில் தொங்குகிறது. அதுதான் மடிக்கொடி. கை எட்டாத உயரம், கோலால்தான் துணியைத் தூக்கிப் போட வேண்டும். உலர்ந்து அவரே எடுக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது; தொட்டால் மடி, அதாவது பூஜைக்குரிய சுத்தம், போய்விடும்.

உள்ளே மூங்கில் முனகியது. ரூட்டரில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது.

ஜெயலக்ஷ்மி ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தாள். ஈர வேஷ்டியின் கனத்தில் மூங்கில் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. அதோடு சேர்த்துக் கட்டியிருந்த மெல்லிய கறுப்பு இணையக் கேபிள் ஜன்னல் மூலையில் முழங்கை போல் மடங்கிக் கிடந்தது. சாயங்காலத்துக்குள் துணி உலர்ந்து கனம் குறைந்தால் மூங்கிலும் கேபிளும் பழையபடி நிமிர்ந்துவிடும். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்கவில்லையென்று பத்மகுமார் செய்த வேலை. அவருக்கு மடி தெரியாது. மடி தெரிந்தவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. கேபிளைப் பார்த்த ஒரே ஆள் நாகேஸ்வரன். வயர் பட்டால் மடி போகுமா என்று ரொம்ப யோசித்து, வயருக்குத் தீட்டில்லை என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு விட்டுவிட்டார். அதை அவர் பெருமையாகச் சொன்னபோது அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கேபிளுக்குள் இருப்பது கண்ணாடி இழை. மடங்கினால் இணைப்பு போகும், இழுத்தால் ஒடிந்தே போகும். துணியைத்தான் இறக்க வேண்டும். அவள் சுவரில் சாத்தியிருந்த கோலை எடுத்தாள்.

"தொடாதே, ஜெயா. மடியாக்கும்" என்றார் நாகேஸ்வரன்.

சத்தம் கேட்டு வந்த கௌசிக், சாயங்காலம் பத்மகுமார் வந்து மாற்றிக் கட்டட்டும், அதுவரை பொறு என்றான்.

"சாயங்காலம் அவர் வரச்சே எனக்கு வேலை இருக்காது" என்றாள் அவள். கோலால் வேஷ்டியைத் தள்ளினாள். அது தொப்பென்று அவள் தோளிலேயே விழுந்தது. மூங்கில் மேலே எழும்பியது. கூடத்தில் பச்சை விளக்கு.

எல்லாம் போச்சு என்று நாகேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"திரும்ப நனைச்சுக்கோங்கோ, அப்பா. துணிக்கு மடி போனா கிணத்துல தண்ணி இருக்கு. எனக்கு வேலை போனா நீங்க யாரும் திருப்பித் தரமாட்டேள்."

அவர் வேஷ்டியை மறுபடி நனைத்துக்கொண்டு வந்தார். நேராகக் கொடியைப் பார்த்துத்தான் வந்தார். ஜெயலக்ஷ்மி இதை எதிர்பார்த்தாள். அதற்குள் அவள் நாற்காலியையும் லேப்டாப்பையும் உள்கட்டுக்குத் தூக்கிவந்து, மடிக்கொடிக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டாள். குளிக்காத தலை; மடித்துணியோடு அவர் கிட்டே வரமுடியாது. கோலும் அவள் மடியில்.

அழைப்பு வந்தது. வித்துராவிலிருந்து முத்தாரம்மாள் என்றொரு பெண். புருஷனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், காப்பீட்டு அனுமதி இன்னும் வரவில்லை என்று அழுதாள். நேற்று முற்பகலும் ஒருத்தியிடம் சொல்லும்போது பாதியில் அறுந்துபோச்சாம்.

எதிரே மாமனார் சொட்டச் சொட்ட நின்றார். அவருக்குப் பின்னால் கௌசிக். ஜெயலக்ஷ்மி அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நிதானமா சொல்லுங்கோம்மா. நான் இங்கதான் இருக்கேன். இந்த இடத்தை விட்டு எங்கயும் போமாட்டேன்."

முத்தாரம்மாள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நாகேஸ்வரன் ஈர வேஷ்டியை வெயிலில் உலர்த்தக் கொல்லைப்புறம் போனார்.