குருவியின் எடை

பள்ளி திறந்த திங்கட்கிழமை காலை, வெல்டரின் ஆறு வயது மகளை நான்கு ஆட்கள் சேர்ந்தும் வீட்டு வாசற்படியிலிருந்து தூக்க முடியவில்லை. முந்தின நாள்வரை அவள் எடை பதினாறு கிலோ. நோஞ்சானாக இருந்ததால் குருவி என்றே கூப்பிட்டார்கள். ஐந்தாவது ஆளாகக் கைகொடுத்த பால்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "குருவின்னு பேரு வெச்சு யானையை வளத்திருக்கீங்களே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவள் போட்டிருந்தது அக்காவின் சீருடை; அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து தையலைப் பிரித்துச் சின்னதாக்கியது.

போன வருடம் மழையில் பள்ளிக் கூரை இடிந்தபோது செத்த ஏழு பிள்ளைகளில் அக்காவும் ஒருத்தி. புதுக் கூரையின் இரும்பு வேலையை வெல்டர் வேறு யாரையும் தொட விடவில்லை. விடுமுறை முழுக்க ஒவ்வொரு இணைப்பையும் சுத்தியலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார். சத்தம் பிடிக்காததை அறுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தார்.

மூன்று நாள் குருவி படியிலேயே சாப்பிட்டாள், படியிலேயே தூங்கினாள். படிக்கல் குறுக்கே வெடித்தது. அம்மாவுக்கு உள்ளூர நிம்மதி. "இருக்கிறது இவ ஒருத்திதான். இங்கயே கெடக்கட்டும், விடுங்க" என்றாள். வெல்டர் மட்டும் பக்கத்தில் குந்தி, "அப்பா போட்ட கூரைம்மா, விழாது" என்று சொல்லிப் பார்த்தார்.

"பழைய கூரையும் யாரோ ஒரு அப்பா போட்டதுதானேப்பா?"

அவர் எழுந்து போனார். அன்று வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"விழவே விழாதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. பாத்துப் பாத்துப் பத்தவெச்சேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

குருவி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் உள்ள வந்து உக்காருவீங்களா?"

"உக்காருறேன்."

நான்காம் நாள் காலை அவளாகவே எழுந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். கனம் குறைந்திருக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தார்ச் சாலை இரண்டு விரற்கடை உள்ளே போயிற்று. பத்து நிமிட நடைக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. பேருந்துகள் ஒதுங்கிப் போயின. அம்மா கதவைச் சாத்திக்கொள்ளத்தான் நினைத்தாள். பாதி வழியில் செருப்பில்லாமல் ஓடிவந்து மகளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா?"

"ரொம்ப."

"எனக்கும்தான்டி. நட."

டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பி, "வந்துட்டியா? தரையிலயே உக்காரு, பெஞ்சு தாங்காது" என்றார். அப்பா பின்வரிசையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். மழைக்காலம் முடியும்வரை உட்கார்ந்தார். மழை பெய்த நாட்களில் வகுப்பே அண்ணாந்து கூரையைப் பார்த்தது.

வருடக் கடைசியில் பிள்ளைகளின் உடல் அளவைக் குறிக்க வந்த அதிகாரி, குருவிக்காகப் பழைய இரும்புக் கடைத் தராசை வரவழைத்தார். உயரம் மூன்றே முக்கால் அடி, எடை இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ, வராத நாட்கள் மூன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.