ஏழாவது எலும்பு

ஆரபி ஹோலின் நடுவில் இரண்டாவது வாளித் தண்ணீரையும் ஊற்றினாள். பறைச் சத்தம் ஒழுங்கை முடக்கைத் தாண்டிப் போய்விட்டது. அப்பா செல்வநாயகத்தைச் சுடலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். படலை வரை போன பெண்கள் திரும்பி வந்து வீடு கழுவத் தொடங்கியிருந்தார்கள்.

"உவளுக்கு இப்பதான் இந்த வீட்டு வாளி இருக்கிற இடம் தெரிஞ்சிருக்கு," என்றாள் பெரியம்மா, தும்புத்தடியை நிறுத்தாமலே.

ஆரபி வெறும் வாளியோடு கிணற்றடிக்கு நடந்தாள். கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும்.

வீட்டாரை மீறிக் குருநகர் றொகானோடு கலியாணப் பதிவெழுதிய நாளிலிருந்து அப்பா அவளோடு கதைத்ததில்லை. சந்தியில் எதிர்ப்பட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். போன மாதம் வெங்காய மூட்டைகளோடு வந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாய்க்காலுக்குள் சரிந்து, அவர் தலைகீழாக விழுந்தார். அண்ணன் சிவகரன்தான் அவளுக்கு அறிவித்தான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் டொக்டர் எழுதிய துண்டோடு மருந்து வாங்க ஓடியிருந்தான். எக்ஸ்ரே அறை வாசலில் வேறு யாரும் இல்லை.

"ஆர் இவரின்ரை ஆள்?" என்று படம் எடுப்பவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"நான். மகள்."

"பிள்ளைத்தாச்சி இல்லைத்தானே?"

"இல்லை."

ஈயம் வைத்த கனமான சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டு, எடுத்த படத்தைக் காட்டினார். பக்கவாட்டில் அப்பாவின் கழுத்து. சாம்பல் நிறத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிவந்து, கீழே ஒரு வெள்ளை மூட்டத்துக்குள் காணாமல் போயின.

"கழுத்தில ஏழு எலும்பு. ஆறுதான் தெரியுது. மற்றதைத் தோள் மறைக்குது. மண்வெட்டி பிடிச்ச தோளெல்லே. டொக்டரிட்டைக் கேட்டிட்டன். காலடியில நிண்டு, ரெண்டு கையையும் பிடிச்சு மெல்ல இழுங்கோ. சட்டெண்டு வெட்டி இழுக்க வேண்டாம்."

கழுத்துப் பட்டியோடு அப்பா முகட்டைப் பார்த்துக் கிடந்தார். தலையைத் திருப்ப முடியாது. ஆனால் வாசலில் அவள் சொன்ன 'மகள்' காதில் விழாமல் இருந்திருக்காது. அவள் அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் எடுத்தாள். காய்த்துப்போய், குளிர்ந்திருந்தன. இழுத்தாள். தோள்கள் இறங்கின. அப்போதுதான் வலது கையில், அவருடைய விரல்கள் அவளுடைய விரல்களின் மேல் வந்து மூடின.

எக்ஸ்ரே மெஷின் 'டிக்' என்றது. "சரி, விடுங்கோ," என்றார் படம் எடுப்பவர்.

அவ்வளவுதான். பிறகு வார்ட்டில் அவள் கட்டிலருகே போகும்போதெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் டொக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து அண்ணனுக்கு விளங்கப்படுத்தினார். ஆறாவது எலும்பு ஏழாவதின் மேல் முன்னுக்கு வழுக்கி நிற்கிறது. விரல்களுக்குப் போகும் நரம்புகள் அந்த இடத்துக்குக் கீழேதான் பிரிகின்றன. விழுந்த நேரத்திலிருந்தே விரலில் பிடி இல்லை. பின்னால் நின்ற ஆரபி தன் வலது கையைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் றொகானுக்கு மட்டும், அப்பா தன் விரல்களைப் பிடித்ததுபோல இருந்ததைச் சொன்னாள்.

"பிடிச்சவர் எண்டே வைச்சுக்கொள்ளன். ஆருக்கு நட்டம்?" என்றான் அவன்.

அப்படி வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. பிடித்தாரா, தனக்குத்தான் அப்படித் தோன்றியதா? நெஞ்சில் சளி இறங்கி அப்பா போகும்வரை அவள் அறிய நினைத்தது அது ஒன்றைத்தான். இன்று காலை அப்பாவின் தலைக்கு அரப்பு வைத்தபோதும் அந்த விரல்களைத்தான் பார்த்தாள்.

"பிள்ளை, இதையும் ஒருக்கா அலம்பி விடு," என்று அம்மா மீனாம்பிகை ஆஸ்பத்திரிப் பையைக் கிணற்றடியில் கொண்டுவந்து வைத்தாள். சீப்பு, சவர்க்காரப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் கோப்பை. கோப்பையைச் சுற்றித் துணி தடிப்பாகச் சுற்றியிருந்தது.

"இதென்னணை துணி?"

"அது கொப்பரின்ரை கோப்பை. பயிற்சி குடுக்கிற பிசியோப் பிள்ளைதான் சுத்தித் தந்தது, வழுக்காமப் பிடிக்க."

"அப்பாவுக்கு விரல் ஏலாதெல்லே?"

"விரல் ஏலாதுதான். மணிக்கட்டை உயத்த ஏலும். அதை அவர் உயத்தினாரெண்டா விரல் தன்பாட்டில மடங்கி வந்து பிடிக்கும். உயத்தாட்டி ஒண்டுமில்லை, அப்பிடியே விரிஞ்சு கிடக்கும்." அம்மா கிணற்றுக் கட்டில் மெல்ல உட்கார்ந்தாள். "தேத்தண்ணியெண்டா நல்லாப் பிடிப்பார். கஞ்சியைக் கண்டா கையைத் தொங்கப் போட்டிடுவார். மனமில்லாட்டி ஆரும் பிடிக்கப் பண்ணேலாது. உனக்குத் தெரியும்தானே அந்த மனுசனை."

"ஓம்," என்றாள் ஆரபி.

"தலையில ரெண்டு வாளி அள்ளி வார். உன்ரை குழந்தை அங்கை மாமியோட நிண்டு உன்னைத் தேடும்," என்றுவிட்டு அம்மா உள்ளே போனாள். பெரியம்மாவின் தும்புத்தடி ஹோலில் இன்னும் உரசிக்கொண்டிருந்தது.

ஆரபி கோப்பையை அலம்பினாள். துணியை அவிழ்க்காமல், அப்படியே வெயிலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு வலது கையைக் கீழே தொங்கவிட்டாள். விரல்கள் சோர்ந்து, நீர் சொட்டிக்கொண்டு நீட்டி நின்றன. மணிக்கட்டை மட்டும் மெல்ல மேலே உயர்த்தினாள்.

விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கி வந்தன.