சமநாளில் சொல்ல வேண்டியது

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்பதற்குள் பல் துலக்கி முடித்திருப்பேன். பால் காய்ச்சுவேன். முன்பு அரை லிட்டர் பாக்கெட், இப்போது கால் லிட்டர். டீயை நின்றபடி குடிப்பேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். சட்டைக்கு இஸ்திரி போடுவேன். கதவுக்குப் பக்கத்து ஆணியில் என் ஐடி கார்டு தொங்கும். அதே ஆணியில் பெர்சிஸின் கார்டும் தொங்குகிறது. என்னுடையதை எடுக்க அவளுடையதை ஒதுக்க வேண்டும். ஒதுக்கி எடுப்பேன். பூட்டுவேன். மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்குவேன்.

அன்றும் அப்படித்தான் இறங்கினேன். திங்கட்கிழமை. கீழே வீட்டுக்காரம்மா அக்தரி பேகம் ஒரு கூடை சீதாப்பழத்தை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாடி கழுவி உட்டுட்டேன் பேட்டா. சாயங்காலம் எங்கயும் சுத்தாம நேரா வந்துடு."

"எதுக்குங்க?"

"எதுக்கா? இன்னிக்கு தேதி இன்னா?"

செப்டம்பர் இருபத்திரண்டு. எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

"இந்த வருஷம் வேணாம்மா."

"நீ வேணாம்னா? சூரியன் உன்னக் கேட்டா எறங்குது?" பழத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "அரக்கோணத்துக்கும் போன் போட்டுட்டேன். உங்க அத்தை வர்றாங்க."

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

பெர்சிஸ் என் மனைவி. ஜூன் மாதம் இறந்தாள். திருமணத்துக்கு முன் அவள் வெளிநாட்டில், வேல்ஸில் ஒரு சின்ன ஊரில் நர்ஸாக இருந்தாள். க்வென் என்ற ஓய்வுபெற்ற தபால்காரியின் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தாள். க்வென் தன்னை பேகன், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டுக்காரி, என்று சொல்லிக்கொள்பவள். அவர்களுக்கு வருடம் என்பது ஒரு சக்கரம், அதில் எட்டுப் பண்டிகைகள். செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாள் அவற்றில் ஒன்று. மேபன் என்பார்கள். அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். க்வென் தோட்டத்தில் மேசை போட்டு ஆப்பிளும் கொட்டைகளும் ரொட்டியும் வைப்பாள். மெழுகுவர்த்தி ஏற்றுவாள். ஆப்பிளைக் குறுக்கே வெட்டுவாள், உள்ளே விதைகள் நட்சத்திரமாகத் தெரியும். பானத்தின் முதல் வாயை மண்ணுக்கு ஊற்றுவாள். இனி இருட்டு நீளும், அதற்கு முன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பாள். அதனால் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொருவரும் இந்த வருடம் தாம் அறுத்தது என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் வருடம் பெர்சிஸ், கடவுள் கிருபையால் வேலை நிரந்தரமானது என்றாளாம். க்வென், கடவுளுக்கு என் வாழ்த்துகள், நீ என்ன செய்தாய் என்று கேட்டாளாம்.

ஆம்பூருக்கு வந்த பிறகும் பெர்சிஸ் இதை விடவில்லை. எங்கள் மொட்டை மாடியில் பாய் விரிப்பாள். ஒரு ஆப்பிள், பேகம் தரும் சீதாப்பழம், அவித்த வேர்க்கடலை, திராட்சை ஜூஸ். மண்ணுக்குப் பதில் கறிவேப்பிலைத் தொட்டி. சட்டம் அவள் போட்டதுதான். பிள்ளை செய்தது செல்லாது, புருஷன் செய்தது செல்லாது. இந்த வருடத்தது மட்டும்தான் கணக்கு. கடவுள் பெயரைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். ஒன்றுமில்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. முதல் வருடம் மாடிக்கு வந்த பெண்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். "இப்டிப் பெருமை பேசினா நஸர் பட்டுடும்மா, கண்ணு பட்டுடும்" என்று பேகம் வாயைப் பொத்திக்கொண்டார். சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கி ஒருவழியாகச் சொல்லி முடித்ததும் அவரே வெட்கப்பட்டுச் சிரித்தார். அடுத்த வருடம் ஆகஸ்டிலேயே, "நா சொல்றதுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்" என்று ஆரம்பித்துவிட்டார்.

நீ இதை நம்புகிறாயா என்று நான் ஒருமுறை கேட்டேன். "சூரியனுக்கு தேங்க்ஸ் சொல்றேன். மண்ணுக்கு தேங்க்ஸ் சொல்றேன். அதுங்களுக்கு வேற யாரு சொல்றா?" என்றாள். ஞாயிறு காலை சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறவளும் அவள்தான். அவளுடைய அம்மா ஜெபராணிக்கு மட்டும் இது ஆகவே ஆகாது. "சூனியக்காரிங்க பண்டிகை" என்பார். "வேர்க்கடல திங்கறதுல இன்னாம்மா சூனியம்?" என்பாள் இவள்.

அந்த ஜெபராணி அத்தை வருகிறார் என்பதுதான் வண்டி ஓட்டும்போது மனதில் ஓடியது. பெர்சிஸுக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன். அதற்குப் பிறகு அவள் கண் விழிக்கவில்லை. யார் மேலும் தப்பில்லை. இப்படியும் ஆகலாம் என்று அவளுக்கே தெரியும். என் மகள் ஜெபம் பண்ணிக்கொண்டே தியேட்டருக்குள் போனாள், அதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்று அத்தை அடக்க ஆராதனையில் சொன்னார். போதகரும் அதையே எடுத்துச் சொன்னார். அத்தை அந்த நேரத்தில் அங்கே இல்லை. நான் இருந்தேன். மறுக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடுகிறார் என்று தெரிந்தது. ஆனால் இந்த வருடம் நான் செய்தது என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அது நடந்ததும் அந்தக் காலையில்தான். அதைச் சொன்னால் கடைசி வார்த்தையையும் கேட்பார்கள்.

ஷூ கம்பெனியில் நான் பின்னல் செக்‌ஷன் சூப்பர்வைசர். மெல்லிய தோல் பட்டைகளைப் பெண்கள் கையால் பின்னுவார்கள். இடது கால் பின்னலும் வலது கால் பின்னலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஒன்று இறுகி ஒன்று தளர்ந்திருந்தால் ஜோடி சேராது. பிரிக்கச் சொல்வேன். "சார் வாயால நல்லா பின்னுவாரு. கையால ஒண்ணு போட்டு யாராச்சும் பாத்திருக்கீங்களாடி?" என்பார் அமிர்தவள்ளி அக்கா, எனக்குக் கேட்க வேண்டும் என்றே. மற்றவர்கள் குனிந்து சிரிப்பார்கள். பெர்சிஸின் மாடிக்குத் தவறாமல் வருகிறவர் அவர். கம்பெனியில் நான் அவருக்கு சார். கேட்டைத் தாண்டினால் தம்பி.

மதியம் டிபன் பாக்ஸைக் கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒடுகத்தூர்ல தங்கச்சி நெலத்துக் கடல. அவிச்சு எடுத்தாறேன்."

"எனக்கு சொல்றதுக்கு ஒண்ணுமில்லக்கா. நீங்க பண்ணிக்குங்க."

"ஒண்ணுமில்லன்னு சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது உம் பொண்டாட்டி. போய் அவகிட்ட கேளு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். குழாயை மூடினார். மூடியிருந்ததை மறுபடி இறுக்கி மூடினார்.

"ஆறு மணிக்கு," என்றார். "பேஜார் பண்ணாம வா."

மாடியில் பாய் விரித்திருந்தது. மேற்கே மலைக்கு மேல் சூரியன் ஒரு சாண் உயரத்தில் இருந்தது. தோல் பதனிடும் டேனரிப் பக்கமிருந்து வழக்கமான வாடை வந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஜெபராணி அத்தை கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறி வந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நா கும்பிட வரல மாப்ள. எம் பொண்ணு எங்க உக்காருவான்னு பாக்க வந்தேன்."

"இங்கதான்," என்று பேகம் தன் பக்கத்தைத் தட்டிக் காட்டினார். அத்தை நகர்ந்து அங்கே உட்கார்ந்தார்.

காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. அமிர்தவள்ளி அக்கா தன் ஹெல்மெட்டைச் சாய்த்து வைத்து அதற்குள் ஏற்றினார். என் கையில் கத்தியும் ஆப்பிளும் வந்தன. நான் காம்பிலிருந்து கீழாக வைத்தேன். "குறுக்கால, குறுக்கால!" என்று இரண்டு பேரும் கத்தினார்கள். குறுக்கே வெட்டினேன். ஐந்து முனையோடு நட்சத்திரம். அத்தை ஒரு பாதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சூனியம் எதுவும் தென்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு துண்டு நறுக்கித் தின்றார்.

இந்த இடத்தில் பேசுகிறவள் பெர்சிஸ்.

"நீ சொல்லு தம்பி," என்றார் அமிர்தவள்ளி அக்கா.

"சூரியனுக்கு தேங்க்ஸ்," என்றேன். "மண்ணுக்கு தேங்க்ஸ்." திராட்சை ஜூஸைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினேன். மண் சட்டென்று குடித்துவிட்டது.

அமிர்தவள்ளி அக்காதான் ஆரம்பித்தார். "நாப்பத்தெட்டு வயசுல ஸ்கூட்டி கத்துக்கிட்டேன். பஸ்ஸுக்கு நின்னு நின்னு காலு வீங்கினது போதும்னு கத்துக்கிட்டேன். போன வாரம் பைபாஸ்ல ஒரு லோடு லாரிய ஓவர்டேக் பண்ணேன். டிரைவர் எட்டிப் பாக்கறான். நானும் பாத்தேன். நா பண்ணேன்." நெஞ்சைத் தட்டிக்கொண்டார். பேகம் கை தட்டினார்.

"எங்க பெரியவன் துபாய்ல இப்ப..." என்று பேகம் தொடங்கினார்.

"செல்லாது!"

"அட, பழக்க தோஷம். இரு." முக்காட்டைச் சரி செய்துகொண்டார். "படிக்கு கைப்பிடி போடணும்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட எத்தன வருஷமா சொல்றேன். நாளைக்கு, நாளைக்கு. இந்தப் பொண்ணு நாலு படி ஏறும், நிக்கும். நாலு படி ஏறும், நிக்கும். என்னால பாக்க முடியல. அவரு ஊர்ல இல்லாத நாளா பாத்து நானே வெல்டர கூட்டியாந்தேன். வெயில்ல கூடவே நின்னேன். வளைவுல கை வழுக்கும், நல்லா தேச்சு உடுன்னு ரெண்டு வாட்டி தேய்க்க வெச்சேன். அடுத்த நாள் அவ நிக்காம மேல வந்துட்டா. நா போட்டேன் அந்தக் கைப்பிடி." சற்று நிறுத்தி, "மாஷா அல்லா," என்று சேர்த்துக்கொண்டார்.

நான் அந்தக் கைப்பிடியைப் பார்த்தேன். வளைவில் பெயின்ட் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

அத்தையின் முறை. அவர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"நா இன்னாத்த சொல்றது? பெத்தேன். அது இந்த வருஷம் இல்ல. ஆபரேஷனுக்கு வர்றேன்னு சொன்னேன். வாலாஜா ரோட்ல ரயில் நின்னுடுச்சு. எறங்கி ஆட்டோ புடிச்சிருக்கணும். இதோ எடுத்துடுவான், இதோ எடுத்துடுவான்னு உக்காந்தே இருந்தேன். வந்து சேரும்போது தியேட்டர் கதவ சாத்திட்டாங்க. அதான் நா செஞ்சது."

யாரும் செல்லாது என்று சொல்லவில்லை. பேகம் ஒரு கடலையை உரித்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தார்.

சூரியன் மலையைத் தொட்டிருந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இந்த வருஷம் செக்‌ஷன்ல ரிஜெக்‌ஷன் கம்மி ஆச்சு," என்றேன்.

"அது நாங்க செஞ்சது," என்றார் அமிர்தவள்ளி அக்கா. "நீ இன்னா செஞ்ச?"

பெர்சிஸ் கேட்பது போலவே கேட்டார், கடைசி எழுத்தை மேலே தூக்கி.

"பின்னல் போட்டேன்," என்றேன்.

"யாரு? நீயா?"

"ரெண்டு பின்னல். பெர்சிஸுக்கு."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. ஆபரேஷனுக்குப் போகும் பெண்களுக்குத் தலைமுடியை இரண்டாகப் பின்னிவிட வேண்டும். கிளிப் கூடாது, ரப்பர் பேண்ட் கூடாது, கட்டுப் போடும் காஸ் துணி நாடாவால் முடிய வேண்டும். நர்ஸ் இரண்டு நாடாவைக் கொடுத்துவிட்டு, கூட வந்த லேடீஸ் யாரு என்று கேட்டாள். யாரும் இல்லை. பெர்சிஸ் கட்டிலில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நீ போடு என்றாள். வகிடு எடுத்தேன். கோணல். முதல் பின்னல் பாதியில் தளர்ந்துவிட்டது. பிரிச்சுட்டு மறுபடி போடு என்றாள், நான் செக்‌ஷனில் சொல்கிற அதே குரலில். பிரித்தேன். முடியை முதலில் சரிபாதியாகப் பிரித்தேன். ஒவ்வொரு பாதியையும் மூன்றாக்கினேன். தோல் பட்டையை இழுப்பது போல ஒரே இறுக்கமாக இழுத்தேன். முடித்ததும் அவள் இரண்டையும் முன்னால் எடுத்துப் போட்டு நுனியோடு நுனி வைத்துப் பார்த்தாள். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"நல்லா வந்துச்சு," என்றேன். என் குரல் சத்தமாக இருந்தது. "நா போட்டேன்."

அமிர்தவள்ளி அக்கா சிரிக்கவில்லை. "போட்டிருக்க தம்பி," என்றார்.

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நானாயிருந்தா எண்ணெ வெச்சு அழுத்திப் பின்னியிருப்பேன்," என்றார். பிறகு, "அதுக்கப்புறம்? ஜெபம்தான மாப்ள பண்ணா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஹெல்மெட்டுக்குள் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது.

"மனசுக்குள்ள பண்ணியிருப்பா அத்தை. வாயால சொன்னது வேற."

அவர் கைப்பையைக் கீழே வைத்தார். பெர்சிஸ் உட்காரும் இடத்தில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

சொன்னேன். தியேட்டர் கதவு வரை ஸ்ட்ரெச்சரோடு போனேன். அங்கே ஒரு சிஸ்டர் பச்சைத் தொப்பியை மாட்டுவதற்காக இரண்டு பின்னல்களையும் கையில் எடுத்தாள். நின்று பார்த்தாள். இவ்ளோ நல்லா யாரு பின்னி உட்டது, அம்மாவா என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்சிஸ் படுத்தபடியே தலையைத் திருப்பி என் பக்கம் கையைக் காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு போட்டது சிஸ்டர். ரெண்டும் சமமா இருக்கு, பாருங்க."