கிராம்புத் தைலம்

போட்டிக் கம்பெனியின் பசை டப்பா மூடியை நெம்பித் திறந்ததும் கிராம்பு வாசனை முகத்தில் அடித்தது. ஷூ கம்பெனி சூப்பர்வைசர் என் எதிரே சங்கடமாக நின்றார். "உங்க பசை மாதிரியே பிடிக்குதும்மா. தண்ணியில போட்டாலும் விடல. தப்பா எடுத்துக்காதீங்க, அடுத்த ஆர்டரை அவங்களுக்குக் கொடுக்கச் சொல்லி மேலிருந்து சொல்லிட்டாங்க" என்றார். பாதிதான் காதில் விழுந்தது. என் நாக்கு, பல் பிடுங்கிய பள்ளத்தைத் தானாகத் தேடிப் போயிற்று.

ஈரத்தில் விடாத பசை. அதைக் கண்டுபிடிக்க என் சமையலறையைத்தான் பாழாக்கினேன். "நாளைக்கு இதையே தட்டுல ஊத்திடாத தாயே" என்று வீட்டுக்காரர் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விடுவார். உடன் நின்றது என் தம்பி மட்டும்தான். எல்லோருக்கும் அவன் சின்னவன். ஒருநாள் பல்வலியில் கன்னம் வீங்கிப்போய்க் கலவையைக் கிளறிக்கொண்டிருந்தேன். பார்க்கப் பொறுக்காமல் கொட்டும் மழையில் ஓடிப்போய்க் கிராம்புத் தைலம் வாங்கிவந்தான். பஞ்சை நனைக்கும்போது கை நழுவி, குப்பி அப்படியே சட்டிக்குள் கவிழ்ந்தது. கொட்ட மனமில்லாமல், அதையே இரண்டு ரப்பர் துண்டுகளுக்கு நடுவில் தடவி வாளித் தண்ணீரில் போட்டு வைத்தோம். மறுநாள் சின்னவன் ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டு மற்றதை இழுத்தான். பிரியவே இல்லை. அவன் போட்ட ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். பிறகு தைலமில்லாமல் செய்து பார்த்தேன். அதே பிடிப்பு. அதற்குள் அவன் ஆர்டர் பிடிக்க ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான். தைலம் வேண்டியதில்லை என்பது அவனிடம் சொல்லவேண்டிய விஷயமாகவே எனக்குப் படவில்லை. பிறகு நாங்கள் போட்ட பட்டறையிலும் கடைசிக் கலவையைக் கதவைச் சாத்திக்கொண்டு நானேதான் செய்வேன்.

காப்புரிமை வாங்கிவிடலாம் என்று வக்கீலம்மாவிடம் போனோம். "செய்முறையை ஒளிக்காம எழுதித் தரணும். இருபது வருஷம் வேற யாரும் செய்ய முடியாது, அப்புறம் ஊருக்கே பொது. ரகசியமா வெச்சுக்கிட்டா எத்தனை காலம் வேணும்னாலும் உங்களோடதுதான், வெளிய போகாத வரைக்கும்" என்றார். எனக்கு எழுதிக் கொடுத்துவிடத்தான் ஆசை. சின்னவன்தான் தடுத்தான். "எதுக்குக்கா நாமளே ஊருக்குப் படிச்சுக் காட்டணும்? தெரிஞ்சது நீயும் நானும். நம்ம வாய்தான் பூட்டு." அவன் சொன்னால் எனக்கு மறுபேச்சு ஏது?

ஷூ கம்பெனி வாசலிலேயே நின்று வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, டப்பாவில் இருந்த கம்பெனிப் பேரைச் சொன்னேன். சற்று நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார். "அந்தப் பசைக் கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பிச்சிருக்கு. உங்க செய்முறையேதான். ஆனா கிராம்புத் தைலம்தான் இதுக்கு உயிர்னு எழுதி, அது சேர்ந்த பசைக்கு மட்டும் உரிமை கேட்டிருக்காங்க. நீங்க சேர்க்கறீங்களா?"

"இல்லையே."

"அப்போ அவங்க உரிமை உங்க பசையைத் தொடாது, தப்பிச்சீங்க. அது வேண்டாத சரக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா விண்ணப்பத்தைத் திருத்தப் பார்ப்பாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

கிராம்புத் தைலம்தான் உயிர் என்று நம்பக்கூடியவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று எத்தனை பேர் வீட்டு விவகாரத்துக்கு நான் நியாயம் பேசியிருக்கிறேன். வெளியாள் திருடியிருந்தால் நாலு வசவு வைது ஆற்றிக்கொள்ளலாம். இவனுக்குச் செருப்பு வார் மாட்டக் கற்றுக்கொடுத்தவளே நான். பாவி என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

பட்டறையில் சின்னவன் காலி டிரம் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். டப்பாவைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். "போட்டிக் கம்பெனி பசை. என்ன வாசனைன்னு தெரியுதாடா?"

முகர்ந்தான். "என்னமோ சென்ட் மாதிரி இருக்கு. தெரியலையேக்கா."

மழையில் நனைந்து வாங்கிவந்தவனுக்குத் தெரியவில்லையாம். டம்ளரை உருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான். "ஆமா, நம்ம பசையில மட்டும் இந்தக் கிராம்பு வாசனை எப்படிக்கா வராம போகுது?"

உளறியதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. 'அது கை தவறிக் கொட்டினதுடா முட்டாள், பசைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல' என்று கத்தத் தொண்டை வரை வந்தது. கத்தினால் அடுத்த நிமிடம் அது அங்கே போய்ச் சேரும். விழுங்கிக்கொண்டேன்.

"வாசனை போக்க ஒரு பக்குவம் இருக்கு. ஆனா தைலம் இல்லாம இது நிக்காதுடா. அதுதான் உயிரே" என்றேன். அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அது. நிம்மதியாகத் தலையாட்டினான். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

"என்னக்கா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு? மறுபடியும் பல் வலியா?"

"ஆமா."

"சொல்லக்கூடாதா? இரு, தைலம் வாங்கிட்டு வந்துடறேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, தூறலில் குடைகூட எடுக்காமல் ஓடினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவைக் கடந்து மருந்துக் கடை வாசல் வரை போனவன், ஓரமாக ஒதுங்கி நின்று போனைக் காதில் வைத்தான். தலையை ஆட்டி ஆட்டிப் பேசினான். பேசி முடித்து, சட்டையில் விழுந்த தூறலைத் தட்டிவிட்டு, கடைக்குள் போனான்.