கலாராணியின் இரண்டாவது உள்ளுடுப்பு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கொஸ்லந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் போனில் யாரிடமோ சொன்னாள்: "தண்ணிக்கு அடியில நடுங்கிட்டேன். இருபது நிமிசத்துலயே மேல ஏத்திட்டாங்க. திங்கக்கிழமையும் நடுங்குனா வேலை இல்ல."

பதினேழு வருடமாக எழுதுகிறேன். இப்படி ஒரு தொடக்கம் எனக்கு வாய்த்ததில்லை. அவள் அப்புத்தளையில் இறங்கிப் போய்விட்டாள். மீதியை அவளைக் கேட்காமலே எழுதுகிறேன். பெயர் கலாராணி என்று வைத்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைகளின் மடியில்..."

[வேண்டாம். பனிக்கு இந்த முறை லீவு.]

இரண்டாவது: "ரமேஸ் நீர்த்தேக்கத்தின் ஆழத்தை நோக்கி..."

[தண்ணீருக்கு அடியில் வேலை செய்யும் சுழியோடி என்றதும் ஓர் ஆம்பிளையை இறக்கிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.]

மூன்றாவது: கலாராணிக்கு இருபத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்தில் எட்டு வருடம் கொழுந்து எடுத்தவள். நீர்த்தேக்கத்தின் அடியில் மதகுக் கம்பிகளில் சிக்கும் குப்பையை அகற்றும் ஒரு நிறுவனத்தில், சுழியோடி வேலைக்குப் பரீட்சை. ஐம்பது நிமிடம் அடியில் நின்று வேலை செய்யவேண்டும். தண்ணீர் அழுக்கு என்பதால் ட்ரை சூட் கொடுக்கிறார்கள், வெளித்தண்ணீர் உள்ளே புகாத உடை. ஆனால் அது சூடு தராது. உள்ளே போடும் துணிதான் தரவேண்டும். அந்தத் துணி அவரவர் தெரிவு.

3

முதல் தடவை அவள் செய்தது எங்கள் மலைநாட்டு ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. வெயில் கொளுத்தும் கதிர்காமத்துக்குப் போகும்போதும் ஸ்வெட்டர் எடுத்துவைக்கும் ஆட்கள் நாங்கள். பருத்திச் சட்டை, அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் ட்ரை சூட். நீர்த்தேக்கமோ பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீரும் அப்படியொன்றும் குளிரில்லை. கரை வெயிலில் முக்கால் மணிநேரம் வேர்த்தாள். பருத்தி அத்தனையையும் குடித்தது. ஈரச் சட்டையோடு அடியில் நின்றால் யார்தான் நடுங்கமாட்டார்கள்? கம்பளிக்குள் அடைபட்ட காற்று வேறு அவளை மேலே தூக்கியது. கூடுதலாக ஈயம் கட்டித்தான் இறக்கினார்கள்.*

* படித்துத் தெரிந்துகொண்டது. எனக்கு நீச்சல் தெரியாது. பதுளை ரோட்டில் மழைத்தண்ணீர் நின்றாலே சுற்றிப்போகிறவன் நான்.

4

பதுளையில் றுஸைனாவின் துணிக்கடை.

[கடைக்காரி தேவையா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவளை எடுத்துவிட்டால் கலாராணி தனக்குத்தானே பேசவேண்டி வரும்.]

"இதைவிட மொத்தமா ஸ்வெட்டர் இருக்காக்கா?"

"இதுக்கு மேல மெத்தைதான் இருக்கு. எங்க போறீங்க, நுவரெலியாவுக்கா?"

"தண்ணிக்கு அடியில. மேல ஒரு உடுப்பு இருக்கு, தண்ணி உள்ள வராது. மழைக்குப் பொலித்தீன் கட்டிக்கிட்டுக் கொழுந்து எடுப்போமே, அந்த மாதிரி."

சொன்னவள் அப்படியே நின்றாள். பொலித்தீன் கட்டும் நாளில் மலையில் யாரும் உள்ளே பருத்தி போடுவதில்லை. மெல்லிய நைலான் பிளவுஸ்தான். பருத்தி போட்டால் வேர்வையில் ஊறி, கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது முதுகு விறைத்துவிடும்.

"எட்டு வருசமாத் தெரிஞ்ச விசயம்க்கா. புது உடுப்பக் கண்டதும் மறந்துட்டேன்."

"அப்ப இந்த ஸ்வெட்டர்?"

"உள்ள வச்சிருங்க. ஓடுறவங்க போடுற மெல்லிசு உடுப்பு இருக்குமே, அது ஒரு செட்டு. அதுக்கு மேல போட, லேசா ஒரு கம்பளி."

5

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன்: "அவளுடைய விரல்கள் விறைத்தன. கூடவே ஒரு சமூகத்தின் கனவும்..."

[தோட்டத்துக் கதை என்றால் கடைசியில் யாராவது அழவேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? கோபம்தான் வருகிறது. வெட்டிவிட்டேன்.]

திங்கட்கிழமை. இறங்குவதற்குச் சற்று முன்புதான் ஸிப்பை இழுத்து மூடினாள். போன தடவையைவிட ஈயத்தில் இரண்டு கட்டி குறைவு. கரையில் ஸரூக், மேற்பார்வையாளர், ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் அவளோடு பேசும் மைக்குமாக நின்றார். முப்பது நிமிடம். நாற்பது.

"தங்கச்சி, அம்பது நிமிசம். பாஸ். மேல வாங்க."

"நடுங்கல, ஸரூக் நானா."

"அதான் பாஸ்னு சொன்னேனே. வாங்க."

"இன்னும் நாலு கம்பி இருக்கு. முடிச்சிட்டு வர்றேன்."

6

கதை முடிய அவள் மேலே வந்தாகவேண்டும். "அவள் மேலே வந்தாள்" என்று மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அவள் அடுத்த கம்பிக்குப் போய்விட்டாள்.

[மூச்சுக்குக் காற்று மேலிருந்து குழாயில் போகிறது. பயப்படவேண்டாம்.]

இப்போது ஐம்பத்தெட்டாவது நிமிடம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஸரூக்கிடமிருந்து மைக்கை வாங்கி உங்களிடம் தருகிறேன். நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள். வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.