பாலம் தாண்டினால்தான் பூ

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கம் கிளம்பும்போது அம்மா வேணி தொடுத்துத் தரும் முல்லைச் சரத்தைச் சௌமியா தலையில் வைத்துக்கொள்ள மாட்டாள். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையிலேயே வைத்திருப்பாள்.

"காவிரிப் பாலம் தாண்டட்டும்மா. அப்புறம் வச்சுக்கறேன்."

ஒன்பது வயதில் இவ்வளவு முன்ஜாக்கிரதை. தப்பு தன்னுடையதுதான் என்று அவள் அப்பா கணேஷ்குமாருக்குத் தெரியும். திருவெறும்பூரில் கொதிகலன் உதிரிகள் செய்யும் சின்னப் பட்டறையில் அவன் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை அவசரமாக லாரி ஏற்ற வேண்டியிருந்தால் சூப்பர்வைசர் சுப்புராமன் அவனைத்தான் கூப்பிடுவார். போன மாதம் இரண்டு முறை செருப்பு மாட்டும்போது போன் வந்தது. மூன்றாம் முறை சத்திரம் பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு வந்தது. அன்று பூ வைத்த தலையோடு சௌமியா வீட்டுக்குத் திரும்பினாள். அழவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கவர்.

பட்டறையில் வெள்ளிக்கிழமை மதியம் அப்துல் சலாமை யாரும் கூப்பிடுவதில்லை, ஜும்மா. ஞாயிறு காலையில் ஆசீரைக் கூப்பிடுவதில்லை, சர்ச். கணேஷ்குமார் ஸ்ரீரங்கம் என்று வாயைத் திறந்தால் மட்டும் சுப்புராமனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"உனக்கென்னப்பா? ரங்கநாதர் படுத்தேதான் இருக்காரு. எங்க எழுந்து போயிடப் போறாரு? நாளைக்குப் போய்ப் பாத்துக்க."

பட்டறையே சிரிக்கும். அவனும் சிரித்துவைப்பான். சாமி கும்பிடுவதோடு முடிகிற விஷயமாக இருந்தால் நாளைக்கே போகலாம். அம்மா மண்டபப் படித்துறையில் மூன்று பேரும் காவிரித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு கதையடிக்க வேண்டுமே. வேணி நர்ஸ். ஷிப்டு மாறி மாறி வரும். மூவருக்கும் சேர்ந்தாற்போல் வாய்ப்பது அந்தச் சாயங்காலம் ஒன்றுதான். இதையெல்லாம் ஒரு காரணமாக மேலதிகாரியிடம் சொல்ல அவனுக்கு வெட்கம்.

சனிக்கிழமை டீக்கடையில் அந்தக் கவரைப் பற்றிச் சலாமிடம் சொன்னான். சலாம் கிளாஸைக் கீழே வைத்தான்.

"டேய், வெள்ளிக்கிழமை என்னை ஏன் கூப்பிடறதில்ல?"

"தொழுகைக்குப் போயிருப்ப."

"கூப்பிட்டாலும் வரமாட்டேன்னு அவருக்குத் தெரியும்டா. நீ? ரெண்டாவது ரிங்குல எடுத்து 'வந்துட்டேங்க சார்'ங்கற. அப்புறம் யாரு உன்னை விடுவா?"

அந்தச் சூட்டோடு கணேஷ்குமார் சுப்புராமன் முன்னால் போய் நின்றான்.

"சார், ஞாயித்துக்கிழமை நாலு மணியிலேருந்து எட்டு மணி வரைக்கும் என்னால வர முடியாதுங்க."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்லைங்க. பொண்ணோட வெளியில போறேன்."

"அதுக்கெல்லாம் ஒரு டைமா?"

பின்னாலிருந்து சலாம் குரல் கொடுத்தான். "எனக்கு ஜும்மா, ஆசீருக்கு சர்ச். அவனுக்கு இதுன்னு வச்சுக்கங்க சார்."

சுப்புராமன் லோடு சீட்டைப் புரட்டினார்.

மறுநாள் சத்திரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் கிளம்பும் நேரம். போன் அடித்தது. சௌமியா அப்பாவைப் பார்க்கவில்லை. கவரின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். வேணி பழக்கத்தில் கம்பியைப் பிடித்து எழுந்தே விட்டாள்.

கணேஷ்குமார் போனை எடுத்தான். எதிர்முனை பேசுவதற்குள், "சார், எட்டு மணிக்கு மேல வரேங்க. இப்ப வரமாட்டேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"யாருப்பா உன்னை வரச் சொன்னது?" சுப்புராமன் எரிந்து விழுந்தார். "சலாம் பாலக்கரையிலேருந்து பைக்ல வந்து நிக்கறான். வளைவுக்கு அளவு பாக்க வெட்டின தகர அச்சை எங்க வச்ச, அதை மட்டும் சொல்லு."

"பச்சை பீரோவுல, மேல்தட்டுல சார்."

"டேய்!" பின்னால் சலாமின் குரல் கேட்டது. "வேர்க்கடலை வாங்கிட்டு வா. வெறுங்கையோட வந்துடாத!"

கணேஷ்குமார் போனைப் பைக்குள் போட்டான். சலாமுக்கும் அதே ஞாயிறுதான் லீவு. அவன் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில சலாமைக் கூப்பிட்டா நான் போறேன் வேணி. அவன் வீட்டுல இருக்கட்டும்."

"கண்டிப்பாப் போங்க" என்று வேணி மறுபடி உட்கார்ந்தாள்.

பஸ் நகர்ந்தது. சௌமியா போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. பல்லால் கடித்துக் கவரைக் கிழித்தாள்.

"அம்மா, வச்சுவிடு."

"பாலம் இன்னும் வரலையேடி?"

"பரவால்ல. அதுக்குள்ள வாடிடும்."

வேணி ஹேர்பின்னைத் தேடி எடுத்துச் சொருகினாள். சௌமியா அப்பா பக்கம் திரும்பினாள்.

"சலாம் மாமாவுக்கு வறுத்ததா, அவிச்சதாப்பா?"

"ரெண்டும் வாங்குவோம்" என்றான் கணேஷ்குமார்.